வாசலில் காவல் உண்டு, கொல்லையில் கதவில்லை



பிள்ளையின் முகம் சற்று வெளுத்திருந்தால் போதும், நம் வீடுகளில் வைத்தியம் தொடங்கிவிடும். "சோகை பிடித்திருக்கிறது, உடம்பில் இரத்தம் இல்லை" என்பார் பாட்டி. சந்தைக்குப் போகிறவரிடம் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கிவரச் சொல்வார்கள். வேலியோரத்து முருங்கை மரம் மொட்டையாகிவிடும். சம்பளம் போட்ட வாரத்தில் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ போகிறவர்கள் மருந்துக் கடையில் இரும்புச் சத்து டானிக் ஒரு போத்தலும், நாட்டு மருந்துக் கடையில் செந்தூரம் ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

இதைக் குறை சொல்ல வரவில்லை. நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் இரத்த சோகையில் பெரும்பகுதி இரும்புச் சத்துக் குறைவால் வருவதுதான். ஆனால் எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. சில பிள்ளைகளுக்கு இரத்தம் குறைவாகவும் இரும்பு கூடுதலாகவும் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு நாம் அன்போடு ஊட்டுகிற டானிக் ஒவ்வொரு கரண்டியும் கெடுதலாகவே முடியும். இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இரும்பின் வரவு செலவு

வளர்ந்த ஒரு மனிதரின் உடம்பில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம்தான். ஒரு சிறிய ஆணியின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி இரத்தத்தின் சிவப்பணுக்களில் இருக்கிறது. நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்வது அந்த இரும்பின் வேலை. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிர்வாழும். அது அழிந்தபின் அதிலுள்ள இரும்பை உடம்பு வீசி எறிவதில்லை. சேர்த்து வைத்து, புதிய சிவப்பணு செய்ய மறுபடியும் பயன்படுத்திக்கொள்ளும். சிக்கனமான குடும்பத் தலைவியைப் போல.

நாள்தோறும் தோல் உதிர்வதாலும் குடலின் உட்புறம் தேய்வதாலும் வெளியேறும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. அந்த அளவையே உணவிலிருந்து குடல் எடுத்துக்கொள்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கில் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அவ்வளவுதான் செலவுக் கணக்கு.

உப்பு கூடினால் சிறுநீரில் போகும். இரும்பு கூடினால் போக வழியில்லை. கூடுதல் இரும்பை வெளியே தள்ளும் உறுப்பு மனித உடம்பில் கிடையாது. எவ்வளவு உள்ளே வரலாம் என்று குடல் வாசலில் நின்று காவல் காக்கும், ஆனால் கொல்லைப் பக்கம் கதவு இல்லை. வாசல் காவல் தவறினாலும், வாசல் வழியாக வராமல் இரும்பு நேரே இரத்தக் குழாய்க்குள் வந்தாலும், வந்தது உள்ளேயே தங்கிவிடும்.

தலசீமியா என்னும் பரம்பரை நோய்

நம் நாட்டில் இப்படி இரும்பு சேர்ந்து துன்பப்படுகிறவர்களில் முக்கியமானவர்கள் தலசீமியா நோயாளிகள். 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தோமஸ் கூலி என்ற குழந்தை மருத்துவர் இந்நோயை முதலில் எடுத்துக் காட்டினார். கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. மத்தியதரைக் கடலோர மக்களிடம் முதலில் காணப்பட்டதே காரணம். பிறகு பார்த்தால் இந்தியா, இலங்கை, தாய்லாந்து, மலேசியா என்று நம் பக்கத்திலும் பரவலாக இருப்பது தெரியவந்தது.

சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற பொருளைச் சரியாகச் செய்ய முடியாத குறை இது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்குக் கடும் நோய் வரும். அப்பிள்ளையின் சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிந்துவிடும். இரும்பு இருந்தும் இரத்தம் ஊறாது. சோறு இருந்தும் ஆக்கிப் போட ஆளில்லாத வீடு போல என்று சொல்லலாம்.

நம் நாட்டு நோயாளிகளில் மலாய்க்காரர்களே அதிகம். அடுத்து சபாவின் கடசான் டூசுன் மக்களும் சீனர்களும். தமிழர் எண்ணிக்கையில் குறைவு. அதனாலேயே நம்மவர்களுக்கு இந்நோயின் பெயர்கூடத் தெரியாமல் போகிறது. குறைவு என்றால் இல்லை என்று பொருளாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் ஒரு பெண் பிள்ளை படித்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கண்ணில் இலேசான மஞ்சள். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன் தள்ளியிருக்கும். ஓராண்டாக வீட்டில் டானிக்கும் ஈரலும் கொடுத்து வந்தார்கள், பலன் இல்லை. தாயார் கர்ப்பத்தில் ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம் என்று மாமியார் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்து டிரசர் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது டானிக்கில் தீருகிற சோகை இல்லை" என்று சொல்லிப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தலசீமியா. அடுத்து தாய் தந்தை இருவரையும் சோதித்தார்கள். இருவரிடமும் பாதிக் குறை இருந்தது. அன்றோடு அந்த வீட்டில் மருமகளைக் குற்றம் சொல்லும் பேச்சு நின்றது. டானிக் போத்தலும் அலமாரியை விட்டு இறங்கியது.

ஒரு பை இரத்தத்தின் கணக்கு

கடும் தலசீமியா உள்ள பிள்ளை உயிர் வாழ 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். இரத்தம் ஏற்றினால் முகம் தெளியும், பிள்ளை ஓடி விளையாடும், பள்ளிக்கு வரும். ஆனால் ஏற்றுகிற ஒவ்வொரு பை இரத்தத்திலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது.

கணக்குப் பார்ப்போம். உணவிலிருந்து உடம்பு எடுப்பது நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். ஒரே ஒரு பை இரத்தம் மூன்று மாதத்துக்கும் மேலான உணவு இரும்பை ஒரே நாளில் உள்ளே கொண்டுவந்து விடுகிறது. பத்து இருபது முறை ஏற்றியபின் உடம்பில் இடமில்லாமல் இரும்பு உறுப்புகளில் படியத் தொடங்கும்.

ஈரலில் படிந்தால் ஈரல் வீங்கி நாளடைவில் இறுகிப்போகும். கணையத்தில் படிந்தால் இனிப்பு நீர் வரும். மூளைக்கடியில் உள்ள சிறு சுரப்பியில் படிந்தால் பிள்ளை உயரமாக வளராது. பருவம் அடைவது தள்ளிப்போகும். தோல் கறுத்துச் சாம்பல் பூத்தது போலாகும். எல்லாவற்றிலும் கொடியது இதயத்தில் படிவது. தலசீமியா நோயாளிகளின் உயிரைப் பறித்ததில் இதயத்தில் சேர்ந்த இரும்புக்கே முதலிடம். பத்துப் பதினைந்து வயதுவரை பிள்ளை நன்றாகவே தெரியும். உள்ளே சேருவது வெளியே தெரியாது. அதனால்தான் 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று மருந்தை விடுவது ஆபத்து.

சேர்ந்த இரும்பை அறிய ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. அது 1000ஐத் தாண்டினால் பொதுவாக இரும்பை நீக்கும் மருந்தைத் தொடங்குவார்கள். காய்ச்சல் நேரத்திலும் அந்த எண் ஏறிக் காட்டும் என்பதால் ஒரு முறை பார்த்து முடிவு கட்டுவதில்லை. இதயத்திலும் ஈரலிலும் எவ்வளவு படிந்திருக்கிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. படமும் இப்போது உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் நாள் தவறாமல் போய் எடுத்துவிடுங்கள்.

இரும்பை வெளியே கொண்டுவரும் மருந்துகள்

கொல்லைக் கதவு இல்லாத வீட்டுக்கு மருத்துவர்கள் ஒரு கதவு செய்திருக்கிறார்கள். 1960ஆம் ஆண்டுகளில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் இரும்பைப் பற்றிக்கொள்ளச் சுரக்கும் பொருளிலிருந்து டெஸ்ஃபெரால் என்ற மருந்து உருவானது. இரும்பைப் பிடித்துக்கொண்டு சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுவது அதன் குணம். சிறுநீர் சிவந்து போனால் பயப்பட வேண்டாம், இரும்பு வெளியே போகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஆனால் அது எளிதான மருந்தல்ல. வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் மெல்லிய ஊசி செருகி, சிறிய பம்பு ஒன்றால் 8 முதல் 12 மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். வாரத்தில் ஐந்து இரவுகளுக்குக் குறையாமல் செய்ய வேண்டும். ஊசி குத்திய இடம் வீங்கும், வலிக்கும். நெடுநாள் போட்டால் செவியும் பார்வையும் பாதிக்கப்படலாம் என்பதால் ஆண்டுதோறும் இரண்டையும் சோதிப்பார்கள்.

வாய்வழி மருந்துகளும் வந்துவிட்டன. டெஃபெரிப்ரோன் மாத்திரை நாளுக்கு மூன்று வேளை. இதயத்து இரும்பை இறக்க நல்லது என்று பேர் பெற்றது. சிலருக்கு இது வெள்ளை அணுக்களைத் திடீரென்று குறைத்துவிடும். அதனால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. டெஃபெராசிராக்ஸ் நாளுக்கு ஒரு வேளை மாத்திரை. சிறுநீரகத்தையும் ஈரலையும் அடிக்கடி சோதித்துக்கொண்டே இதைக் கொடுப்பார்கள். எது யாருக்குப் பொருந்தும், இரண்டைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்பது மருத்துவர் முடிவு. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மாத்திரையை நம் பிள்ளைக்குக் கேட்டு வாங்காதீர்கள்.

ஒரு விதியை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். இம்மருந்து எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 'விடியட்டும்' என்று காத்திருக்கக் கூடாது. மண்ணீரல் எடுக்கப்பட்ட பிள்ளையானால் இன்னும் அவசரம்.

ஒரு காலத்தில் இம்மருந்தின் விலை ஏழைக் குடும்பங்களால் எட்ட முடியாததாக இருந்தது. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அரசாங்கம் நிதி ஒதுக்கி, அரசாங்க மருத்துவமனைகளில் கிடைக்க வழி செய்தது. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூர் மருத்துவமனை, இரத்த நோய்களுக்குப் பேர் பெற்ற அம்பாங் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் ஆகியவை நம் வட்டாரத்துக்குப் பக்கம். முதலில் போக வேண்டியது அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான். அங்கிருந்து கடிதம் கொடுப்பார்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் சரியாக இல்லாத குடும்பங்களுக்குக் கட்டணம் கூடும். பயந்து வீட்டிலேயே இருந்துவிடாமல், மருத்துவமனையிலுள்ள சமூகநல அதிகாரியைக் கேட்டுப் பாருங்கள். பத்திர வேலையையும் கையோடு தொடங்குங்கள்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்?

தாய்மார்கள் முதலில் கேட்பது இதைத்தான். மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள். மாதாமாதம் இரத்தம் ஏற்றும் பிள்ளைக்கு இரும்பு சேர்வது பெரும்பாலும் பையிலிருந்து, தட்டிலிருந்து அல்ல. பத்தியம் இருந்து மருந்தை விட்டுவிட முடியாது. பிள்ளையைப் பட்டினி போட்டும் பலனில்லை. ஆனால் இரத்தம் அதிகம் ஏற்றாமலே சமாளிக்கிற, நடுத்தரத் தலசீமியா உள்ளவர்களின் குடல் வாசல் காவல் தளர்ந்து, உணவிலிருந்தே இரும்பை அளவுக்கு மேல் இழுக்கும். அவர்களுக்குச் சாப்பாட்டில் கவனம் மிகவும் தேவை.

முதலாவது, ஈரல், சுவரொட்டி, இரத்தப் பொரியல் மூன்றையும் நிறுத்திவிடுங்கள். ஆடு மாட்டு இறைச்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோழியும் மீனும் முட்டையும் அளவோடு கொடுக்கலாம். வளரும் பிள்ளைக்குப் புரதம் வேண்டும்.

இரண்டாவது, கீரையைக் கண்டு அஞ்ச வேண்டாம். கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பைக் குடல் குறைவாகவே எடுக்கும். இறைச்சியில் உள்ளதைத்தான் எளிதாக எடுக்கும்.

மூன்றாவது, புளிப்பான பழங்களில் உள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். கொய்யா, ஆரஞ்சு, நெல்லிக்காய் இவற்றைச் சாப்பாட்டோடு சேர்க்காமல், இடைவேளையில் கொடுங்கள். வைட்டமின் சி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. டெஸ்ஃபெரால் போடும் சிலருக்கு அவர்களே சிறு அளவில் கொடுப்பதுண்டு. அது அவர்கள் கணக்கு.

நான்காவது, சாப்பாட்டோடு ஒரு கோப்பைத் தேநீர். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலுக்குள் போகவிடாமல் தடுக்கும். பாலும் ஓரளவு தடுக்கும், எலும்புக்கும் நல்லது. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இரும்புக் குறைவால் சோகை வந்த தாய்க்கு "சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்காதே" என்கிறோம். இரும்பு மிகுந்த மகளுக்கு "சாப்பாட்டோடு தேநீர் குடி" என்கிறோம். ஒரே அடுப்பில் கொதிக்கிற ஒரே தேநீர்தான். யாருக்கு எது என்று தெரிந்துகொள்ள இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

ஐந்தாவது, டப்பாவைப் படியுங்கள். பால்மாவு, மால்ட் பானம், காலை உணவுத் தானியம் ஆகியவற்றில் சிலவற்றுக்கு இரும்பு சேர்த்து விற்கிறார்கள். 'ஸாட் பெசி' என்று மலாயில் அச்சிட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். பல்சத்து மாத்திரைகளும் அப்படியே. நாட்டு மருந்திலும் கவனம் வேண்டும். அயம் என்றால் இரும்பு. அன்னபேதி இரும்பின் உப்பு. அயச் செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது.

ஆறாவது, இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு காய்ச்சினால் சட்டியின் இரும்பு கொஞ்சம் குழம்பில் இறங்கும். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும்.

ஏழாவது, கெராங் என்ற சிப்பியை அரைவேக்காட்டில் சாப்பிடும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. இரும்பு மிகுந்த உடம்பில் சில கிருமிகள் வெகு வேகமாகப் பெருகும். பச்சைச் சிப்பியிலும் அரைவேக்காட்டுக் கடல் உணவிலும் அவை இருக்கக்கூடும். நன்கு வேகாததைத் தொடக் கூடாது.

பெரியவர்களாகிவிட்ட நோயாளிகளுக்கு ஒரு சொல். கள்ளும் சம்சுவும் பீரும் வேண்டவே வேண்டாம். இரும்பு ஏற்கெனவே ஈரலைப் புண்ணாக்கியிருக்க, அதன் மேல் மதுவை ஊற்றுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு

தம்பி, தங்கச்சி, இந்தப் பகுதி உங்களுக்கு. சிறு வயதில் அம்மா ஊசி செருகினார், பொறுத்துக்கொண்டீர்கள். இப்போது நண்பர்கள் இரவில் பந்து விளையாடப் போகிறார்கள், நீங்கள் மட்டும் பம்போடு படுக்க வேண்டியிருக்கிறது. "ஒரு நாள் விட்டால் என்ன?" என்று தோன்றும். விட்டாலும் மறுநாள் ஒன்றும் ஆகாது. அதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. ஒரு நாள் இரண்டாகி, இரண்டு வாரமாகும். மாத்திரையைக் கழிவறையில் போட்டுவிட்டு விழுங்கியதாகச் சொல்கிற பிள்ளைகளும் உண்டு. வலிக்கிறது, வெட்கமாக இருக்கிறது, குமட்டுகிறது என்றால் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றித் தர வழி இருக்கிறது. தவறாமல் மருந்தெடுத்தவர்கள் படித்து, வேலைக்குப் போய், மணம் செய்து, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள்.

பெற்றோர் திட்டுவதைவிட, ஊசி போடும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது நல்லது. பள்ளியிலும் எங்களுக்குக் கடமை உண்டு. இரத்தம் ஏற்றும் நாளில் விடுபட்ட பாடத்தை எழுதித் தருவதும், 'கறுப்பன்', 'குள்ளன்' என்று கேலி செய்கிற வாயை அடக்குவதும் ஆசிரியர் வேலை. பெற்றோர்கள் வகுப்பாசிரியரிடம் நோயின் பெயரைச் சொல்லிவையுங்கள். இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

கல்யாணப் பேச்சுக்கு முன்

பாதிக் குறை மட்டும் உள்ளவரைச் சுமப்பவர் என்பார்கள். அவர் நோயாளி அல்ல. மரம் வெட்டலாம், செம்பனைக் குலை தள்ளலாம், நூறு வயது வாழலாம். ஆனால் சுமப்பவர் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பேற்றிலும் பிள்ளைக்குக் கடும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமப்பவராக இருக்கப் பாதி வாய்ப்பு. குறையே இல்லாதிருக்க நாலில் ஒரு பங்கு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகத் தொடங்கும்.

நம்மில் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுவது வழக்கம். குடும்பத்தில் இந்தக் குறை ஓடிக்கொண்டிருந்தால் இருவரிடமும் அது இருக்கும் வாய்ப்பு சொந்தத்தில் கூடும். சொந்தத்தில் கட்டவே கூடாது என்று சொல்லவில்லை. ஜாதகம் பார்க்கும் முன் இரத்தத்தைப் பாருங்கள் என்கிறேன். சைப்ரஸ் தீவில் 1970ஆம் ஆண்டுகளில் மணமக்களுக்கு இந்தச் சோதனையைக் கொண்டுவந்தார்கள். நோயோடு பிறக்கும் பிள்ளைகள் அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் இடைநிலைப் பள்ளி நான்காம் படிவ மாணவர்களுக்கு இப்பரிசோதனை நடத்தப்படுகிறது. பெற்றோர் சம்மதம் கேட்டு ஒரு பாரம் வீட்டுக்கு வரும். "நம் பிள்ளைக்கு ஏன் ஊசி?" என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். முடிவு வந்த தாளைப் பிறப்புப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள். மகளுக்குப் பேச்சு வரும்போது தேவைப்படும். சுமப்பவர் என்று வந்தால் அது களங்கமல்ல. மாப்பிள்ளை வீட்டிலும் ஒருமுறை சோதித்துக்கொண்டால் போதும்.

சில ஐயங்கள்

"அப்படியானால் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?" கூடாது. அது தாய்க்கும் சேய்க்கும் தேவை. சுமப்பவருக்கும் இரும்பு குறையலாம். சந்தேகம் இருந்தால் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம்.

"இரத்தத்தைக் குத்தி எடுத்தால் இரும்பு குறையும் என்கிறார்களே?" அது வேறு நோய்க்கு. ஐரோப்பியர்களிடையே அதிகமாகக் காணும் ஒரு பரம்பரை நோயில் குடலே இரும்பை அளவுமீறி இழுக்கும். அவர்களுக்கு இரத்தம் போதிய அளவு ஊறுவதால் அவ்வப்போது ஒரு பை எடுத்துவிடுவதே சிகிச்சை. இரத்தமே ஊறாத தலசீமியாப் பிள்ளைக்கு அது பொருந்தாது.

"முற்றாகக் குணமாக வழியே இல்லையா?" எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டிலேயே தலசீமியாவுக்கு அதைச் செய்தார்கள். நம் நாட்டிலும் செய்கிறார்கள். பொருத்தமான மஜ்ஜை கொடுக்க உடன்பிறந்தவரையே முதலில் பார்ப்பார்கள். ஒவ்வொரு உடன்பிறப்பும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். ஈரலில் இரும்பு சேருமுன் செய்தால் பலன் அதிகம். அதற்காகவும் இன்றைய மருந்தை ஒழுங்காக எடுக்க வேண்டும்.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகள் யாரோ ஒருவர் கொடுத்த இரத்தத்தில்தான் மாதாமாதம் உயிர் வாழ்கிறார்கள். கோயில் மண்டபத்தில் இரத்த தான முகாம் நடந்தால் ஆரோக்கியமான ஆண்களும் பெண்களும் போய்க் கொடுங்கள். கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் தேசிய இரத்த மையம் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் இரும்பை உங்கள் உடம்பு சில மாதங்களில் ஈடுசெய்துகொள்ளும்.

உங்கள் வீட்டில் வெளுத்த பிள்ளை இருந்தால், அடுத்த டானிக் போத்தல் வாங்குமுன் ஒரு நாள் விடுப்புப் போட்டுக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். இரும்புக் குறைவு என்று சொன்னால் டானிக்கை நிம்மதியாகக் கொடுக்கலாம். இல்லை என்று சொன்னால், பிள்ளையைக் காப்பாற்றத் தேவையான காலம் கையில் கிடைத்துவிட்டது.